பதினோராவது வளைவில் ஒரு பிழை

அக்டோபர் 6, திங்கள்

பெயர்: செங்கோட்டுவேல். ஊர்: ராசிபுரம். தொழில்: லாரி புக்கிங் ஆபீஸ். இப்போதைக்குக் கட்டில்.

டைரியின் முதல் பக்கம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாகிவிட்டது. பிசியோதெரபி பெண்தான் எழுதச் சொன்னாள். வலி எப்படி இருக்கிறது, காலை எவ்வளவு அசைத்தேன் என்று தினமும் குறிக்க வேண்டுமாம். குறிக்கிறேன். வலிக்கிறது. அசைக்கவில்லை. மீதி இடம் வீணாகப் போவானேன் என்று என் இஷ்டத்துக்கு எழுதப் போகிறேன்.

காரைமலை அடிவாரத்தில் மணலில் பைக் வழுக்கி, வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். பொங்கல் வரைக்கும் காலை ஊன்றக்கூடாது.

யசோதா சோறு, குழம்பு, ஃபிளாஸ்கில் காபி எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். காரைமலை மேலே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். சித்திரையில் மாற்றலானாள். அவளே கேட்டு வாங்கிய மாற்றல் என்று அவளுடைய பழைய ஆஸ்பத்திரியில் ஒருத்தர் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. யாராவது மலைக்கு மாற்றல் கேட்பார்களா?

அவள் பஸ்ஸில் போகிற வழியில் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மலைப்பாதையில் எங்கெங்கே சிக்னல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அடிவாரம், ஏழாவது வளைவு, அப்புறம் உச்சி. ஏழாவது வளைவிலாவது எடுத்திருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

அவள் பஸ் நேரத்துக்குக் கிளம்பியதா என்று பார்க்க, போனில் 'காரைமலை பஸ்' என்று தேடினேன். வந்தது வேறு. பஸ் ஓட்டுகிற ஒரு கேமின் வீடியோ.

கேமைச் செய்தது எங்கோ வெளிநாட்டுக் கம்பெனி. அதில் இருப்பது அவர்கள் ஊர் ரோடு, அவர்கள் ஊர் பஸ். நம் பையன்கள் அதற்குள் நம் ஊர் பஸ்ஸையும் ரோட்டையும் செய்து நுழைத்துவிடுகிறார்கள். இப்படி வெளியாட்கள் செய்து சேர்ப்பதற்கு மாட் என்று பெயர். 'மலைப்பாதை மாட்ஸ்' என்று ஒருத்தன் காரைமலை ரோட்டை அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும், கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் செய்து வைத்திருக்கிறான்.

யசோதா தினமும் போகிற ரோடு. நான் அதில் ஒரு தடவைகூட உச்சி வரை போனதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று முழுக்க இதே வேலை. கேம் சுலபமாக இறங்கிவிட்டது. மாட் கோப்புக்கு மட்டும் பூட்டு. கடவுச்சொல் கேட்கிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி வீடியோவின் ஓரத்தில் அங்கங்கே காட்டுவானாம். கடைசி வரை பார்த்தால்தான் கோப்பு திறக்கும். மாட் செய்கிற பையன்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம் என்று வீடியோவுக்குக் கீழே ஒருத்தன் எழுதியிருந்தான். முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் யோசித்தால் நியாயம்தான். இனாமாகக் கொடுக்கிறான். அதை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. உட்கார்ந்து வீடியோவைப் பாருங்கள் என்பது மட்டும்தான் அவன் கேட்கிற கூலி.

வீடியோ நிஜ பஸ்ஸில் எடுத்தது. ஒவ்வொரு பதிப்புக்கு முன்னாலும் அவன் முன்சீட்டில் உட்கார்ந்து, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மலை முழுக்கப் படம் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்து ரோட்டைச் செய்கிறான். மூன்றாவது துண்டு பதினோராவது வளைவில் வருகிறது. பஸ் அங்கே ஊர்ந்துதான் திரும்பும் என்பதால் படிக்க வசதி.

கோப்பை முதலில் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன். ரோடே இல்லாமல் பஸ் அந்தரத்தில் நின்றது. இரண்டாவது தடவை சரியாக வந்தது.

அக்டோபர் 13, திங்கள்

பிரமாதம். வேறு வார்த்தை இல்லை.

மூன்றாவது வளைவில் ஒரு டீக்கடை. அதன் தட்டிப் பந்தலில் கிழிந்த கண்ணீர் அஞ்சலி பேனர். கிழிசல் உட்பட அப்படியே செய்திருக்கிறான். ஆறாவதில் கருப்பு கோயில், வேலில் எலுமிச்சம்பழம், அங்கே ஹாரன் அடித்தால்தான் மேலே போகலாம். பஸ்ஸுக்குள் சீட்டு உறையின் பூப்போட்ட டிசைன். கண்டக்டர் விசிலை வேறொரு பையன் நிஜமாகப் பதிவு செய்து கொடுத்தானாம். கேம் திறக்கும்போது 'நன்றி' என்று போட்டு, உதவியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. பகலில் ஏதோ கடையில் நின்றுவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு மலையைச் செய்து ஊருக்குக் கொடுக்கிறான் ஒருத்தன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டிலில் கிடந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

காலையில் யசோதா பஸ் ஏறியதும் நானும் கேமில் பஸ்ஸை எடுத்துவிடுகிறேன். அவள் ஒன்றாம் வளைவில் இருக்கும்போது நானும் அங்கேதான் இருக்கிறேன். ஏழாவது வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு போன் பண்ணுகிறேன். இன்றைக்கு எடுத்தாள். எப்படித் துல்லியமாக இங்கே வந்ததும் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சிக்னல் போய்விட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

ஒரு பிழை கண்டுபிடித்தேன். பதினோராவது வளைவில் பஸ்ஸின் இடது கண்ணாடி மலைப்பக்கத் தடுப்புச் சுவரில் இடிக்கிறது. எப்படி ஓட்டினாலும் இடிக்கிறது, மார்க் போகிறது. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சுவர் நேராக இல்லை. நடுவில் ரோட்டுப் பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. மற்றதெல்லாம் இவ்வளவு பாடுபட்டுச் செய்தவன் ஒரு சுவரை நேராகக் கட்டவில்லை.

வீடியோவுக்குக் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். தம்பி, எல்லாம் அருமை, பதினோராவது வளைவுச் சுவரை மட்டும் நேராக்கிக் கொடுங்கள் என்று. கீழே வரிசையாக எனக்கும் இடிக்குது, எனக்கும் இடிக்குது என்று எழுதிவிட்டார்கள். அவன் பதில் போட்டான்: "அங்க செவுரு அப்படித்தாங்ணா இருக்கு." தப்பை ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? விடாமல் இன்னும் இரண்டு தடவை எழுதினேன். அந்த ஒரு சுவரால் மாட்டின் பெயரே கெடுகிறது என்று சொன்னேன்.

அக்டோபர் 20, தீபாவளி

யசோதாவுக்கு இன்றைக்கும் டூட்டி. பண்டிகை நாளில் எனக்கு டூட்டி போடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்குக் குழந்தை குட்டி இருக்கிறது, நமக்கென்ன என்கிறாள். சரி.

புதிய பதிப்பு வந்துவிட்டது. சுவர் சுவராக நிற்கிறது. நேர்க்கோடு. கண்ணாடி உரசாமல் ஜம்மென்று திரும்புகிறது. அதைவிடப் பெரிய விஷயம், கேம் திறக்கும்போது வரும் நன்றிப் பட்டியலில் 'பிழை சுட்டியவர்: ராசிபுரம் செங்கோட்டு அண்ணா' என்று என் பெயர். மூன்று தடவை மூடித் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷம் புக்கிங் ஆபீஸில் இருந்திருக்கிறேன், என் பெயரை யாரும் எங்கேயும் போட்டதில்லை.

அக்டோபர் 25, சனி

மழை பிடித்துக்கொண்டது.

மாட் செய்த பையனோடு போனில் பேசினேன். கவியரசு என்று பெயர். அடிவாரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. ஞாயிறு லீவு. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். தங்கமான பையன். வாய்க்கு வாய் அண்ணா. தினமும் பேசுகிறோம். யசோதாவோடு பேசுவதைவிட அதிகம் பேசுகிறேன் என்று நேற்று அவளிடம் விளையாட்டாகச் சொன்னேன். நல்லது என்றாள்.

மலையில் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். மழைக்காலம் முடிகிற வரைக்கும் அங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எனக்குக் கால் இப்படி இருக்கும்போது கேட்கிற கேள்வியா? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நவம்பர் 3, திங்கள்

போன் சூடாகிக் கேம் நின்று நின்று போனது. முதல் பதிப்பு லேசானது, அதைப் போட்டுப் பாருங்கள் என்றான் கவியரசு. அதற்குத் தனிக் கடவுச்சொல். ஆகவே மாசி மாதம் எடுத்த முதல் வீடியோவைப் பார்த்தேன். பதினோராவது வளைவில் மூன்றாவது துண்டைப் படிக்க நிறுத்தினேன். பின்னால் சுவர். கறுப்பு மஞ்சள் பட்டை. 'ஒலி எழுப்புக' என்ற எழுத்து. சுவர் நேராக, பளிங்கு மாதிரி நிற்கிறது.

அப்புறம் ஆடியில் எடுத்த வீடியோ. எழுத்தின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

அப்புறம் புரட்டாசியில் எடுத்தது. நான் பிழை என்று சொன்ன பதிப்புக்கு எடுத்த வீடியோ. விரிசலில் விரல் நுழையும். 'எழுப்புக' மேலே ஏறி, 'ஒலி' கீழே இறங்கியிருக்கிறது. சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. விரிசலிலிருந்து செம்மண் தண்ணீர் வடிகிறது.

அவன் உள்ளதை உள்ளபடி செய்திருக்கிறான். அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னான். நான்தான் திருத்தச் சொன்னேன்.

யசோதாவின் பஸ் தினமும் இரண்டு தடவை அதன் கீழே போகிறது.

நவம்பர் 4, செவ்வாய்

நெடுஞ்சாலை ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். நேரில் பார்த்தீர்களா என்றார் ஒருத்தர். இல்லை, ஒரு கேமில் இடித்ததால் கவனித்தேன் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, போட்டோ அனுப்புங்கள் என்றார். வீடியோவில் மழைச்சாரல், மங்கல். பழைய கேம் பதிப்பில் சுவர் பளிச்சென்று தெரிந்தது. அதையே படம் எடுத்து அனுப்பினேன். 'சார், இது பொம்மைப் படம்' என்று பதில் வந்தது. அப்புறம் நிஜ வீடியோவை அனுப்பினேன். அதை அவர் திறக்கவே இல்லை.

சாயங்காலம் யசோதா வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடி பார்த்தாள்.

"ஆவணில சிறுத்தை நடமாட்டம்னீங்க. அப்பறம் அந்த பஸ்ஸுக்கு பிரேக்கே இல்லைன்னீங்க. இப்ப செவுரு."

நீ தினமும் அதன் வழியாகத்தானே போகிறாய், நாளைக்கு நீயே பாரேன் என்றேன்.

"அந்த வளைவு வர்றப்ப நான் தூங்கிட்டு இருப்பனுங்க. ஒரு நாளைக்கு எனக்கு நிம்மதினா அந்த ஒரு மணி நேரந்தான். அதையும் ஏழாவது வளைவுல போன் போட்டு எழுப்பி விட்டுர்றீங்க."

அப்புறம் கேட்டாள்: "பைக் விழுந்த அன்னைக்கு உங்களுக்கு ஆபீஸ் உண்டு. அடிவாரத்துல என்னங்க வேலை உங்களுக்கு?"

பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அவள் போகிற பஸ்ஸின் பின்னால் போனது தப்பா என்ன? ரோடு எல்லாருக்கும் பொது.

நவம்பர் 6, வியாழன்

மழை. நான்கு தடவை போன் பண்ணினேன். உச்சிக்குப் போனதும் 'வந்துட்டேன்' என்று ஒரே ஒரு செய்தி. சுவரைப் பார்த்தாயா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நவம்பர் 8, சனி

யசோதா குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். பெரிய சூட்கேஸ். மழை முடிகிற வரைக்கும்தான். எனக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வர ஏற்பாடு செய்திருக்கிறாள். பிசியோதெரபி பெண்ணுக்கும் சொல்லி, பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு நாளாக யோசித்து வைத்தாளோ, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

நானே போகச் சொன்னதாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன். சுவர் அப்படி இருக்கும்போது தினமும் போய் வருவது ஆபத்து அல்லவா. இனி அவளுக்கும் அந்தச் சுவருக்கும் சம்பந்தமில்லை. நிம்மதி.

நவம்பர் 11, செவ்வாய்

குழம்பில் உப்பே இல்லை. துணி காயவில்லை. காலையில் பழக்கதோஷத்தில் கேமில் பஸ்ஸை எடுத்தேன். ஏழாவது வளைவில் நிறுத்திவிட்டு, யாருக்குப் போன் பண்ணுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

யசோதா சாயங்காலம் ஒரு தடவை பேசுகிறாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். நான் சுவரைப் பற்றி எடுத்தால், டாக்டர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறாள். அவளுடைய மனசில் நான் பொய் சொல்கிறவன். அதை அப்படியே விடுவது சரியா?

நவம்பர் 12, புதன்

கவியரசுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சுவரைப் புதிதாக ஒரு வீடியோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னேன். தெளிவாக இருந்தால் நெடுஞ்சாலைக்காரரும் நம்புவார், மற்றவர்களும் நம்புவார்கள். நாலு பேருக்கு நல்லது.

மழை நின்றதும் போகிறேன் அண்ணா என்றான். இந்த மழைக்கு அம்மா வெளியே விடுவதில்லையாம். அதற்கும் பதில் சொல்லி ஒன்று அனுப்பினேன்.

நவம்பர் 14, வெள்ளி

சேலம், நாமக்கல் பக்கம் எல்லாம் பள்ளிகளுக்கு லீவு. மலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான் விடுகிறார்களாம்.

கவியரசோடு கொஞ்சம் வார்த்தை தடித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. மழையில் எடுத்தால்தானே தண்ணீர் எங்கே கசிகிறது என்று தெரியும், வெயிலில் போய் எடுத்து என்ன புண்ணியம் என்றேன். நீ திருத்தாமல் விட்டிருந்தால் ஊரே பார்த்திருக்கும் என்றும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அவன், நீங்கள் சொல்லித்தானே அண்ணா திருத்தினேன் என்றான். பாவம், குரல் இறங்கிவிட்டது. நல்ல பையன். புரிந்துகொள்வான்.

நவம்பர் 15, சனி

அவனே செய்தி அனுப்பினான். "நாளைக்கு போறங்ணா. அம்மாகிட்ட கடைல அவசர வேலைன்னு சொல்லிக்கறேன்."

பத்திரமாகப் போய் வா என்று வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை உணவு இட்லி. ஆறிப்போயிருந்தது.

பஸ் ஏறியதும் கவியரசு பேசினான். "ஏறிட்டங்ணா. இடது பக்கம் முன்சீட்டே கெடைச்சிருச்சு. கூட்டமே இல்ல." சந்தோஷமாகத்தான் இருந்தான்.

நானும் கேமைத் திறந்து பஸ்ஸை எடுத்தேன். மழை வைத்துக்கொண்டேன். அந்த மழையும் யாரோ ஒரு பையன் செய்ததுதான், கண்ணாடியில் தண்ணீர் வழிவது அசல் மாதிரியே இருக்கிறது. டீக்கடை தாண்டினேன். கருப்பு கோயிலில் ஹாரன் அடித்தேன். ஏழாவது வளைவில் அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஜன்னல் கண்ணாடியைத் திறந்து வைத்து, வெளியே நீட்டிய அவன் கை. மோதிர விரலில் செம்பு மோதிரம். கீழே 'ரெடிங்ணா' என்று எழுதியிருந்தான்.

மெதுவாகவே ஓட்டினேன், அவனோடு சேர்ந்து போகிற மாதிரி. எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது வளைவு வந்தது. சுவர் நேராக, சுத்தமாக நின்றது. கண்ணாடி உரசவில்லை. திரும்பிவிட்டேன்.

உச்சி வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். அவனுடைய வீடியோ வரவில்லை. மேலே சிக்னல் இருக்கும். வர வேண்டும். கேமில் மழையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

மத்தியானம் வரை வரவில்லை. யசோதாவுக்குப் போன் பண்ணினேன். அவளும் எடுக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

டிவியில் காட்டிவிட்டார்கள். சுவர் பஸ்ஸின் முன்பக்கத்தில் இடது புறமாகச் சரிந்திருக்கிறது. பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். டிரைவருக்குத் தோளில் அடி, சிலருக்குக் காயம். ஒருத்தர் இறந்துவிட்டார். பெயர் சொன்னார்கள். பெயர் சொன்னபோது கேரியர்காரர் மணி அடித்தார், நான் குரல் கொடுக்கவில்லை.

கீழே வருகிற ரோடு மூடிக்கொண்டதால் எல்லாரையும் மேலேதான் கொண்டுபோயிருக்கிறார்கள். யசோதாவின் ஆஸ்பத்திரிக்கு.

அவள் காலையில் பேசினாள். குரல் கம்மியிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அந்தப் பையனுக்கு நினைவு இருந்ததாம், ரொம்ப நேரம் இருந்ததாம். ராசிபுரத்து அண்ணனுக்கு வீடியோ அனுப்ப வேண்டும், போன் எங்கே, போன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

"அந்தப் பையன நீங்க அனுப்புனீங்களா?"

இல்லை, அவனாகத்தான் போனான் என்றேன். முடிந்தால் பார் என்றுதான் நான் சொன்னேன். சுவரைப் பற்றி நான் எத்தனை தடவை சொன்னேன், நீ நம்பினாயா என்றும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் நான் சொன்னது உண்மைதானே.

போனில் இடம் இல்லை என்று வருகிறது. சில வாய்ஸ் மெசேஜ்களை அழித்தேன். சனிக்கிழமை அனுப்பியதை இரண்டு பக்கமும் அழிக்க முடிந்தது. புதன்கிழமை அனுப்பியது என் பக்கம் மட்டும்தான் போகிறது. நேரம் தாண்டிவிட்டதாம்.

நவம்பர் 20, வியாழன்

மாட் பையன்களின் குழுவில் எல்லாரும் முகப்புப் படத்தை மாற்றிவிட்டார்கள். கவியரசு செய்த பஸ், அதன் நெற்றியில் கறுப்புத் துணி. யார் யாரோ எங்கிருந்தெல்லாமோ எழுதுகிறார்கள். துபாயில் டிரைவராக இருக்கும் ஒருத்தர், ஊர் நினைவு வந்தால் இந்தப் பையன் செய்த ரோட்டில்தான் போய் வருவேன் என்று எழுதியிருக்கிறார். விசில் பதிவு செய்து கொடுத்தவன் எழுதத் தெரியாமல் விசிலை மட்டும் அனுப்பியிருக்கிறான். ஒரு நீளம், இரண்டு சின்னது.

நீங்கள்தான் அவனுக்கு நெருக்கம், நான்கு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணா, கேம் திறக்கும்போது வருகிற மாதிரி வைக்கிறோம் என்று கேட்டார்கள். எழுதினேன். 'கேட்காமலே கொடுத்தவன். உள்ளதை உள்ளபடி காட்டியவன்.' நன்றாக வந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நன்றாகத்தான் வந்திருக்கிறது. எழுதும்போது அழுதேன், அது பொய்யில்லை.

நெடுஞ்சாலை ஆபீஸ்காரர் இன்றைக்கு நான் அனுப்பிய வீடியோவைத் திறந்து பார்த்திருக்கிறார்.

நவம்பர் 22, சனி

பிசியோதெரபி பெண் வந்தாள். கால் நன்றாக மடங்குகிறது, அடுத்த வாரம் அந்தக் காலை ஊன்றாமல் வாக்கர் பிடித்து நிற்கலாம் என்றாள்.

அவள் போனதும் யசோதா பேசினாள். கவியரசின் போன் ஆஸ்பத்திரியில்தான் இருந்ததாம். யாரோ சேற்றிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் வேலை செய்கிறதாம். அவன் மறுபடி மறுபடி கேட்டதால் அன்றைக்கே அவள் அதைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாளாம். விரல் சரியாக வரவில்லை, அக்கா நீங்களே அனுப்பிவிடுங்கள் என்று திறந்து நீட்டினானாம். வீடியோ அதில் இல்லை. என் குரல் இருந்தது.

"புதன்கிழமைதையும் கேட்டேன். சனிக்கிழமைதையும் கேட்டேன். நீங்க அழிக்கறதுக்கு முன்னாலயே கேட்டுட்டனுங்க."

மலையில் ஏதோ லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"'கையை நல்லா வெளிய நீட்டி எடுடா. செவுத்துல ஒரசுற மாதிரி தெரியணும். அப்பத்தான் அவளுக்கு உறைக்கும்'னு சொல்லியிருக்கீங்க. உறைக்கணும்னு சொன்னது எனக்குத்தானுங்களே? அன்னைக்கு நான் மலை மேலதான இருந்தேன். நான் எங்க அந்த செவுத்துக்கு அடில போனேன்?"

நாலு பேருக்கு நல்லது என்று நினைத்தேன். அதைத்தான் சொன்னேன்.

ரோடு திறந்துவிட்டார்களாம். கவியரசின் அம்மா போனை வாங்க வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். பையன் எதற்கு மழையில் மலைக்குப் போனான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"புதன்கிழமைது இன்னும் இருக்கு. 'அம்மாகிட்ட என்னத்தையாவது சொல்லிட்டுப் போ'ன்னு அதுலயே சொல்லியிருக்கீங்க. அழிச்சுட்டுக் குடுக்கட்டுமா, அப்படியே குடுக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

அழித்துவிடு என்றேன். அந்த அம்மாவின் மனசு படும் பாட்டில் இது வேறு எதற்கு என்றும் சொன்னேன்.

"சரிங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அழித்தாளா இல்லையா என்று கேட்கத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் வரை கூப்பிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

யசோதாவின் எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

பத்து மணி வாக்கில் போன் அடித்தது. திரையில் 'கவி தம்பி' என்று வந்தது. அவன் அம்மாவாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன், இப்போது மூன்றாவது தடவையாக அடிக்கிறது.